கொஞ்சம் தள்ளி உட்காருங்கப்பா

மார்ச் 3

அடி முணுமுணு,

எல்லாரும் சௌக்கியம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பாதிதான் உண்மை, அதனால பாதியோட நிறுத்திக்கறேன். அப்பா உடம்பு தேறிட்டு வருது. கழுத்துல இருக்கிற ஓட்டையைச் சுத்தம் பண்ண இப்பல்லாம் என்னைக் கூப்பிடறதில்லை, அவரே கண்ணாடி முன்னாடி நின்னு பண்ணிக்கறார். மனசுதான் இன்னும் தேறலை.

போன் பண்ணா நீ எடுக்க மாட்டே. பாட்டு வேலை நடக்கும்போது போனை அலமாரியில வச்சுப் பூட்டிடுவேன்னு பெருமையாச் சொல்லிக்கிட்டியே. எடுத்தாலும் இந்த வீட்டுல ரகசியம் பேச முடியாது. ஆபரேஷன்ல தொண்டை போனதுல இருந்து அப்பாவுக்குக் காது ரெண்டு மடங்கா ஆயிடுச்சு. பக்கத்து ரூம்ல நான் பெருமூச்சு விட்டா டம்ளர்ல ஸ்பூனால தட்டி என்னன்னு கேட்கறார். அதான் நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில, லென்ஸ் தேய்க்கிற மிஷின் பக்கத்துல உட்கார்ந்து எழுதறேன். கடிதத்துல வெள்ளைப் பொடி இருந்தா ஊதிடு.

விஷயத்துக்கு வர்றேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருத்தங்க வீட்டுக்கு வந்துட்டுப் போறாங்க. சத்தம் வரலைன்னாலும் உதட்டை அசைச்சுப் பேசுங்க, வீட்டுல இருக்கிறவங்க பழகிப்பாங்கன்னாங்க. அப்பா ஒரு காகிதத்தை எடுத்து, 'நான் என்ன தொட்டியில விட்ட மீனா?'ன்னு எழுதி நீட்டிட்டார். சரின்னு போன்ல ஒண்ணு போட்டுக் கொடுத்தாங்க. எழுத்தைத் தட்டினா அது பேசும். அப்பா முதல் முதலாத் தட்டினது, 'உப்பு இல்லை'. அது நிறுத்தி நிதானமா, பேங்க் ஆபீசர் கடன் கிடையாதுன்னு சொல்ற மாதிரி, 'உப்பு... இல்லை'ன்னுச்சு. உன் மாமாவுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்துடுச்சு. அப்பா போனைத் தூக்கி அழுக்குத் துணிக்கூடையில போட்டுட்டார்.

போடாம என்ன பண்ணுவார்? மார்க்கெட்ல 'வெண்கலம்'னு பேரெடுத்த மனுஷன். மேடை ஏறி ஒரே மூச்சுல ஒரு வரிசைக் காய்கறிக் கூடை மொத்தத்தையும் ஏலம் விட்டு இறங்கினவர். அவர் யாரோ ஒருத்தன் குரல்ல உப்பு கேட்கணுமா?

அப்பதான் அந்த அம்மா சொன்னாங்க, இவரோட பழைய குரல் சுத்தமா ஒரு அரை மணி நேரம் பதிவாகி இருந்தாப் போதும், அதை வச்சு இவர் குரல்லயே பேச வைக்கலாம்னு. எனக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் நான் ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டுக்கிட்டு அலையும்போது, நீ இங்க வீட்டுல சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு அவரை உட்கார வச்சு மத்தியானம் பூராப் பதிவு பண்ணியே, அது இருக்கே! நான்தான் உன்னை வற்புறுத்தினேன்கறதை மறந்துடாதே. அதை உடனே அனுப்பு.

உன் பாட்டு எங்க கடையில எப்பப் பார்த்தாலும் ஓடுது. முதலாளி அதுல மயங்கிக் கிடக்கார். எனக்குப் பாதி புரியலை. பாட்டுக்கு அடியில உம்முனு ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கே, முதல்ல ஃப்ரிட்ஜ்தான் கெட்டுப் போச்சுன்னு போய்ப் பார்த்தேன். ஆனா அதைக் கேட்டா ஏனோ கைவேலை நின்னுடுது.

பெரிசு


மார்ச் 11

அக்கா,

கடிதத்துல பொடி இருந்துச்சு. ஊதலை, அப்படியே மடிச்சு வச்சிருக்கேன்.

இங்க எல்லாம் வழக்கம் போலத்தான். மெத்தையை ஜன்னல் மேல சாத்தி வச்சிருக்கேன், தெருச் சத்தம் உள்ள வராம இருக்க. அதனால படுக்கறது தரையில. மேஜை பூரா வயர். ஒரு கீபோர்டு, ஒரு மைக், நான். வேற ஆள் வேண்டாமான்னு எல்லாரும் கேட்கறாங்க. இன்னொருத்தர் பக்கத்துல இருந்தா எனக்கு வாயே திறக்காதுக்கா, உனக்குத் தெரியாதா? சின்னதுல அப்பா 'என்ன முணுமுணுக்கற, சத்தமாச் சொல்லு'ன்னு அதட்டுவாரே, அப்ப சத்தமா வராதது இப்பவும் வர்றதில்லை. மைக்தான் எனக்குப் பதிலாச் சத்தமாச் சொல்லுது.

புதுப் பாட்டு ஒண்ணு பாதியில நிக்குது. சும்மா உனக்காக நாலு வரி:

நான் பேசாத நாளெல்லாம்
இந்த வீட்டில் தங்கிவிட்டன.
சுவரைத் தட்டிப் பார்க்கிறேன்,
உள்ளிருந்து தட்டுவதும் நான்.

இதுக்குத் தாளம் வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கேன். பாடும்போது வரிக்கு வரி நடுவுல மூச்சு வாங்கறோமில்ல, பதிவுல அது கேட்டா நல்லா இருக்காதுன்னு நான் வெட்டி எடுத்துடுவேன். வெட்டினதைத் தூக்கிப் போடாம ஒரு ஓரமா வச்சிருக்கேன். அந்த மூச்சையே தாளமா வைக்கப் போறேன். நீ சிரிப்பேன்னு தெரியும்.

அப்பா பதிவு பழைய கம்ப்யூட்டர்ல இருக்கு. அது சர்வீஸ் கடையில இருக்கு. வந்ததும் அனுப்பறேன். அவசரம் ஒண்ணும் இல்லையே?

அந்த உம் சத்தம் பிடிச்சிருக்குன்னு எழுதினதுக்கு சந்தோஷம். அதைப் பத்தி இன்னொரு நாள் சொல்றேன்.

முணுமுணு


மார்ச் 18

அடியே,

அவசரம் இல்லையாவா? உனக்கு மூளை இருக்கா?

நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், அப்பாகிட்ட சொல்லிட்டேன். உங்க குரல் முணுமுணுகிட்ட பத்திரமா இருக்குப்பா, வரப்போகுதுன்னு. அவர் முகத்தை நீ பார்த்திருக்கணும். ஆபரேஷனுக்கு அப்புறம் தன் கையால முதல் தடவையா சவரம் பண்ணிக்கிட்டார். மார்க்கெட்டுக்குப் போட்டுக்கிட்டுப் போவாரே அந்த ரெண்டு பாக்கெட் சட்டை, அதைத் தேடி எடுத்துத் தேய்ச்சுத் தரச் சொல்லிக் கொடுத்தார். குரல் வந்ததும் முதல்ல என்ன பேசறதுன்னு காகிதத்துல எழுதி எழுதி அடிச்சுக்கிட்டிருக்கார். நான் எட்டிப் பார்த்தா கையால மறைக்கறார்.

இதுல கூத்து என்னன்னா, அந்த பேங்க் ஆபீசர் போனை அணைச்சு, துணிக்கூடையிலயே வச்சுட்டார். சொந்தக் குரல் வர்ற வரைக்கும் இரவல் குரல் வேண்டாமாம். உதட்டையும் அசைக்க மாட்டார். டம்ளரும் ஸ்பூனும்தான். ஒரு தட்டுன்னா தண்ணி, ரெண்டு தட்டுன்னா கதவு, நிறையத் தட்டினா கோபம். நேத்து பேச்சுப் பயிற்சி அம்மா வந்து, பதிவு எங்கேன்னு கேட்டாங்க. தங்கச்சி அனுப்பறான்னு பல்லைக் காட்டினேன்.

அந்த சர்வீஸ் கடைக்காரன் என்ன, கம்ப்யூட்டரைப் பெத்துப் போடறானா? நாளைக்கே போய் நில்லு. வாயைத் திறந்து கேளு. அங்க போயும் முணுமுணுக்காதே.

உன் நாலு வரியைப் படிச்சேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா வெளிய இருந்து தட்டறதும் நீ, உள்ள இருந்து தட்டறதும் நீ. உன் பாட்டுல எப்பவாவது வேற யாராவது வருவாங்களாடி?

பெரிசு


மார்ச் 29

அக்கா,

கடைக்குப் போனேன். இன்னும் ஆகலைங்கறார். கொஞ்சம் சிக்கல் போலிருக்கு. எந்த மாதிரி சிக்கல்னு எனக்குச் சொல்லத் தெரியலை.

முந்தாநாள் உனக்கு ஒரு பக்கம் எழுதினேன், கிழிச்சுட்டேன். நேத்தும் எழுதினேன், அதையும் கிழிச்சுட்டேன். இது மூணாவது. இதுலயும் ஒண்ணும் இல்லை பாரு.

ரேடியோக்காரங்க பேட்டி எடுக்கக் கூப்பிட்டிருக்காங்க. போகப் பிடிக்கலை. ஒத்துக்கிட்டேன், போகணும்.

அப்பாவுக்கு ரொம்ப ஆசை காட்டாதேக்கா. அந்தச் சட்டையை உள்ள எடுத்து வைக்கச் சொல்லேன்.

வேற யாராவது வருவாங்களான்னு கேட்டிருந்தே. அதைப் படிச்சதுல இருந்து சரியாச் சாப்பிட முடியலை.

முணுமுணு


ஏப்ரல் 6

உன்னை என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியலை, அதனால கூப்பிடலை.

பேட்டி கேட்டேன். கடையில முதலாளி சத்தமா வச்சு, 'உங்க தங்கச்சி, உங்க தங்கச்சி'ன்னு குதிச்சார். நானும் இளிச்சுக்கிட்டு நின்னேன். அந்த ஆள் உன்கிட்ட எப்படி வேலை செய்வீங்கன்னு கேட்டார். நீ சொன்னே: 'ஒரு பாட்டு முடிஞ்சதும் அதுக்காக எடுத்த பதிவெல்லாத்தையும் அழிச்சிடுவேன். கட்டி முடிச்சப்புறம் சாரத்தைப் பிரிக்கிற மாதிரி. திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தா அதுலயே சுத்திக்கிட்டிருப்பேன்.' அந்த ஆள் 'ஆஹா'ன்னார். அடுத்ததா, பாட்டுக்கு அடியில ஓடற அந்தச் சத்தம் என்னன்னார்.  நீ, 'எனக்கு வேண்டிய ஒருத்தரோட குரல். இழுத்து நீட்டி வச்சிருக்கேன்'னே.

ஃப்ரிட்ஜ்னு நினைச்சேனே! எங்க அப்பன் குரலைக் கேட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேனே!

கையில இருந்த லென்ஸை மிஷின்ல அழுத்திக்கிட்டே நின்னிருக்கேன். அது தேஞ்சு தேஞ்சு எந்த ஃப்ரேமுக்கும் பத்தாமப் போச்சு.  அது போனா வேற லென்ஸ் வரவழைச்சுக்கலாம். நீ தேய்ச்சதுக்கு எங்க போறது?

சர்வீஸ் கடைன்னியே. சிக்கல்னியே. ஒரு மாசமா என் காதுல பூ சுத்திக்கிட்டிருந்திருக்கே. அந்த மனுஷன் சட்டையைத் தேய்ச்சு வச்சுக்கிட்டு, தபால்காரர் சைக்கிள் மணி கேட்டா எழுந்து எழுந்து உட்கார்றார். ஒரே மூச்சுல ஊரை விலைபேசினவர்டி அவர். அவரைப் போய் மாவு மாதிரி இழுத்து வச்சிருக்கே. அப்பாவை எடுத்துக்கிட்டே, சரி. கேட்காம எடுத்தே, அதுவும் சரின்னு வச்சுப்போம், நீ கேட்டிருந்தா அவர் சிரிச்சுக்கிட்டே கொடுத்திருப்பார். ஆனா மிச்சத்தை எதுக்குடி அழிச்சே? உனக்கு அவர் வெறும் சாரமா?

பூசி மெழுகாம பதில் எழுது. இருக்கா, இல்லையா? இல்லைன்னா, அன்னிக்கு அவர் என்ன பேசினார்னாவது ஒண்ணு விடாம எழுதி அனுப்பு. கடைசியா அவர் வாயில இருந்து வந்ததை எதிர்ல உட்கார்ந்து கேட்டவ நீ ஒருத்திதான். வார்த்தையாவது வீட்டுக்கு வரட்டும்.


ஏப்ரல் 13

அக்கா,

ஆமாம். அழிச்சுட்டேன்.

இதை மார்ச் மாசமே எழுதியிருக்கணும். உன் முதல் கடிதம் வந்தப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. அப்பா பதிவைத் தனியா எடுத்து வைக்கணும்னு நினைச்சேன், சத்தியமா நினைச்சேன். ஆனா அதுல இருந்து ஒரு துண்டு பாட்டுக்குப் பொருந்திப் போச்சு. உடனே முழுப் பதிவையும் அந்தப் பாட்டோட ஃபோல்டருக்குள்ள நகர்த்திட்டேன். பாட்டு முடிஞ்ச அன்னிக்கு வழக்கம் போல ஃபோல்டரோட அழிச்சேன். அழிக்கும்போது மனசுக்கு நிறைவா இருந்துச்சு. 

அழிஞ்சதை மீட்டுக் கொடுக்கிற ஒருத்தர்கிட்ட டிஸ்க்கைக் கொடுத்துப் பார்த்தேன். அதே இடத்து மேல புதுசா என்னென்னவோ பதிஞ்சாச்சு, ஒண்ணும் தேறாதுன்னு கையை விரிச்சுட்டார். சர்வீஸ் கடைன்னு நான் எழுதினதுல உண்மை அவ்வளவுதான்.

பாட்டுல இருக்கிறதைச் சுருக்கினா வராதான்னு நீ கேட்பே. அதையும் பண்ணிப் பார்த்துட்டேன். ஏலத்தை முடிக்கும்போது 'மூணு தரம்'னு சொல்வாரே, அந்தக் கடைசி 'ம்' மட்டும்தான் பாட்டுல இருக்கு. சுருக்கினா யாரோ ஒரு தடவை உம் கொட்டற மாதிரி வருது. அதை வச்சு ஒரு குரலைக் கட்ட முடியாதுன்னு அந்த அம்மாவே சொல்வாங்க.

அடுத்தது, அவர் என்ன பேசினார்னு கேட்டே. இதுக்குத்தான் ஒரு வாரமாப் பேனாவை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

எனக்குத் தெரியாதுக்கா.

முழங்கால் இடிக்கிற மாதிரி எதிர் எதிரா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். நான் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தேன், அவர் குரல் என் காதுக்குள்ளதான் இருந்துச்சு. ஆனா நான் பார்த்துக்கிட்டிருந்தது திரையில ஏறி இறங்கற பச்சைக் கோட்டை. அது சிவப்புக்குப் போயிடக் கூடாது, நாற்காலி கிறீச்சிடக் கூடாது, அதுலதான் என் கவனம் பூரா. குரல் எவ்வளவு அழகா இருக்குன்னு நினைச்சேன். என்ன சொல்லுதுன்னு நினைக்கலை. ஏலம் விட்டுக் காட்டினார், அது ஞாபகம் இருக்கு. உன்னைப் பத்தி ஏதோ சொல்லிச் சிரிச்சார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டு முன்னால சாய்ஞ்சு ரொம்ப நேரம் ஏதோ பேசினார். மைக்குக்கு ரொம்பப் பக்கத்துல வந்துட்டார், ஓசை உடைஞ்சுது. 'கொஞ்சம் தள்ளி உட்காருங்கப்பா, பிசிறடிக்குது'ன்னேன். தள்ளி உட்கார்ந்தார். அதோட முடிச்சுக்கலாம்னு கையைக் காட்டினார்.

நான் சொன்னது வார்த்தை மாறாம ஞாபகம் இருக்கு. அவர் சொன்னதுல ஒண்ணு கூட இல்லை.

என் ரூமுக்குப் போய் சாவகாசமாக் கேட்டுக்கலாம்னு இருந்தேன். பதிவுதான் இருக்கே, எங்க போயிடப் போகுதுன்னு இருந்துட்டேன்.

நீ என்ன வேணா சொல்லு. வரட்டுமா?

முணுமுணு


ஏப்ரல் 20

வராதே. இப்ப வந்தா நான் ஏதாவது சொல்லிடுவேன், அப்புறம் அதை அழிக்க முடியாது.

அப்பாகிட்ட நான் எதுவும் சொல்லலை. உன் கடிதத்தைக் கடை மேஜை டிராயர்ல பூட்டி வச்சிருக்கேன். நான் சொல்லவும் மாட்டேன். உனக்காக நான் சப்பைக்கட்டு கட்டினதெல்லாம் போதும். ஸ்கூல்ல தொலைச்ச குடையில இருந்து ஆரம்பிச்சு எல்லாத்துக்கும் நான்தானே அவர் முன்னாடி போய் நின்னேன். இதுக்கு நீ நில்லு.

நீயே எழுது. அவருக்குன்னு எழுது. நான் பக்கத்துல உட்கார்ந்து கூட்டாமக் குறைக்காமப் படிச்சுக் காட்டறேன். நீ முணுமுணுத்து எழுதினா நானும் முணுமுணுன்னுதான் படிப்பேன், பார்த்துக்கோ.

சட்டை இன்னும் நாற்காலி மேலதான் தொங்குது.


மே 2

அக்கா,

அப்பாவுக்கு எழுதினது கீழ இருக்கு. அதுக்கு முன்னாடி உனக்கு ஒண்ணு.

கூட ஒரு சின்ன பென்டிரைவ் வச்சிருக்கேன். பாடும்போது வர்ற மூச்சை வெட்டி எடுத்து வைப்பேன்னு எழுதினேனில்ல? அப்பா பதிவையும் அன்னிக்கே, பழக்கதோஷம், அப்படிச் சுத்தம் பண்ணியிருக்கேன். வெட்டின மூச்செல்லாம் அடுத்த பாட்டோட ஃபோல்டர்ல கிடந்துச்சு, போன வாரம்தான் கண்ணுல பட்டுச்சு. அந்தப் பாட்டு முடியலை, அதனால தப்பிச்சுது. அதுல வார்த்தை ஒண்ணு கூட இல்லைக்கா. ஒவ்வொண்ணு பேசறதுக்கு முன்னாடியும் அவர் இழுத்த மூச்சு மட்டும், அது அது வந்த இடத்துல அப்படியே இருக்கு. நடுவுல அவர் பேசின நேரமெல்லாம் வெறும் மௌனம். இதை அனுப்பறது அவரைக் கேலி பண்ற மாதிரி ஆகுமோன்னு பயமா இருக்கு. நானே வச்சுக்கிட்டா அதைவிடக் கேவலம்னும் தோணுது. என்கிட்ட அவரோடதுன்னு மிச்சம் இருக்கிறது இவ்வளவுதான். போடறதா வேண்டாமான்னு நீ பார்த்துக்கோ.

இது அப்பாவுக்கு:

அப்பா, உங்க குரலை நம்பி என்கிட்ட கொடுத்தீங்க. நான் அதுல ஒரு துளியை எடுத்துப் பாட்டுல போட்டுக்கிட்டு, மிச்சத்தை அழிச்சுட்டேன். அது இனிமே வராது. வேணும்னு செய்யலை. ஆனா ஒரு நிமிஷம் நின்னு பார்த்திருந்தா நடந்திருக்காது, நான் நின்னு பார்க்கலை. அக்கா கேட்டப்ப ஒரு மாசம் பொய் சொன்னேன். அதை வேணும்னுதான் செஞ்சேன். நீங்க சட்டையைத் தேய்ச்சு வச்சது தெரிஞ்சும் சொன்னேன்.

அன்னிக்கு நீங்க பேசினதை நான் கேட்கவே இல்லைப்பா. பதிவு மட்டும்தான் பண்ணேன்.

அந்தப் பாட்டை எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றப்பல்லாம் எனக்கு உடம்பு கூசுது. அதை இனி மேடையில பாடப் போறதில்லைன்னு எழுத வந்தேன். அதுவும் எனக்கு நானே கொடுத்துக்கிற ஆறுதல்தான்னு தோணுது, அதனால எழுதலை. நீங்க என்ன சொன்னாலும் சரி.

முணுமுணு


மே 15

அடி முணுமுணு,

படிச்சுக் காட்டிட்டேன். கூட்டலை, குறைக்கலை. 

அப்பா டம்ளரைத் தூக்கிச் சுவத்துல அடிச்சார். நசுங்கிப் போச்சு, இப்ப அதுல தட்டினா வேற சத்தம் வருது. அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். சாப்பாட்டுத் தட்டு வச்ச இடத்துலயே இருந்துச்சு. மறுநாளும் அப்படித்தான். உன்னை நாலு வார்த்தை திட்டித் தீர்த்துக்கக்கூட அவருக்கு வழியில்லையேன்னு நினைச்சப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு. உன் மேல இருந்த கோபம் போகலை, ஆனா அதுக்கு நடுவுல நீ அங்க தரையில படுத்துக்கிட்டு என்ன பண்றியோன்னும் இருந்துச்சு. அதையும் எழுதிட்டேன், தலைக்கனம் ஏத்திக்காதே.

அப்புறம் ஒரு காலையில அவரே எழுந்து வந்து உட்கார்ந்தார். அந்த மூச்சைப் போடுன்னு கையைக் காட்டினார். நான் வேண்டாம்ப்பான்னேன். ஸ்பூனால மேஜையைப் பிளந்துட்டார். போட்டேன்.

உஸ்ஸுனு ஒரு மூச்சு. அப்புறம் ஒண்ணுமில்லை. மறுபடி ஒரு மூச்சு. உன் மாமா தாங்க முடியாம எழுந்து வாசலுக்குப் போயிட்டார். இப்ப அப்பாவுக்கு மூக்கு வழியா மூச்சே கிடையாது, கழுத்து வழியாத்தான். அதனால அந்தச் சத்தமும் போன சத்தம்தான். முதல் தடவை கேட்டதும் அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கிட்டார். நான் நிறுத்தப் போனேன். கையைப் பிடிச்சுக்கிட்டு, முதல்ல இருந்து போடுன்னு ஜாடை காட்டினார்.

ரெண்டாவது தடவை எழுந்து நின்னுட்டார். மேடையில நிக்கிற மாதிரி ஒரு காலை முன்னாடி வச்சுக்கிட்டு. நீளமா ஒரு மூச்சு வந்துச்சு பாரு, அது முடிஞ்சதும் உதடு அசைய ஆரம்பிச்சுது. நான் என்ன மீனான்னு கேட்டவர்டி! தக்காளிக் கூடையில இருந்து ஆரம்பிச்சு, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். அவர் வாயை மூடவும் கம்ப்யூட்டர்ல அடுத்த மூச்சு வரவும் சரியா இருந்துச்சு. எந்தச் சரக்குக்கு எவ்வளவு மூச்சு பிடிக்கணும்னு காலம் பூராக் கணக்குப் போட்ட மனுஷன். மூச்சைக் கேட்டாலே அதுக்குப் பின்னாடி என்ன வந்துச்சுன்னு அவருக்குத் தெரியுது.

நான் பக்கத்துல நின்னு உதட்டையே பார்த்துக்கிட்டு ஒவ்வொண்ணா உரக்கச் சொன்னேன். சரியாச் சொன்னா தலையை ஆட்டுவார், தப்புன்னா நிறுத்தச் சொல்லித் திரும்பக் காட்டுவார். என்னைப் பத்திச் சொல்லிச் சிரிச்சார்னு எழுதினியே, அதுவும் வந்துச்சு. என் கல்யாணத்தன்னிக்குக் கண்ணுல தூசின்னு சொல்லிட்டுப் பின்கட்டுக்குப் போய் நின்னாரே, அது தூசி இல்லையாம். அது எனக்கு அன்னிக்கே தெரியும்ப்பான்னேன்.

அப்புறம் சின்னச் சின்ன மூச்சா வர ஆரம்பிச்சுது. அப்பா உட்கார்ந்துட்டார். இன்னொரு நாற்காலியை எதிர்ல இழுத்துப் போட்டார். அதுல யாரும் இல்லை. அதைப் பார்த்து முன்னால சாய்ஞ்சுக்கிட்டு உதட்டை அசைச்சார். நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பப் போட்டு, நான் எழுதி எடுத்தது இது. ஒரு வார்த்தை கூட என்னோடது இல்லை:

'முணுமுணு, சின்னதுல நீ ஏதாவது சொல்ல வருவே. சத்தமாச் சொல்லுன்னு அதட்டுவேன். நீ பேசாமப் போயிடுவே. மார்க்கெட்ல கத்திக் கத்தி எனக்குச் சின்னச் சத்தம் காதுல விழாம இருந்துச்சும்மா, அதான். அப்பல்லாம் நீ என்ன சொல்ல வந்தேன்னு இப்பவாவது சொல்லு. நாளைக்குத் தொண்டையில கத்தி வச்சாச்சுன்னா குறுக்கப் பேச எனக்கு வாய் இருக்காது. இன்னிக்கே பழகிக்கறேன். சொல்லு, கேட்கறேன்.'

அதோட வாயை மூடிக்கிட்டார். கம்ப்யூட்டர்லயும் ஒண்ணும் வரலை. நான் முடிஞ்சு போச்சுன்னு கையை நீட்டினேன். இருன்னு தடுத்தார். காத்துக்கிட்டிருந்தார். நானும் என்னன்னு தெரியாமக் காத்துக்கிட்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு முகத்தை அப்படியே உன்னை மாதிரி வச்சுக்கிட்டு, கண்ணை ஒரு ஓரமாத் திரையில பதிச்சுக்கிட்டு, உதட்டை அசைச்சார்.

'கொஞ்சம் தள்ளி உட்காருங்கப்பா, பிசிறடிக்குது.'

சொல்லிட்டு நாற்காலியைப் பின்னால தள்ளிப் போட்டுக்கிட்டார்.

நீ எனக்கு அதை எழுதின கடிதம் டிராயரை விட்டு வெளியவே வரலைடி. அவருக்கு நான் அதைப் படிச்சுக் காட்டவே இல்லை.

கோபம் தீர்ந்துடுச்சுன்னு நினைச்சுக்காதே. அந்தப் பாட்டைக் கடையில இருந்து கொண்டு வந்து போட்டேன். பாதியிலயே நிறுத்தச் சொல்லி, 'இது நான் இல்லை, மாடு'ன்னு உதட்டை அசைச்சார். அந்த ரெண்டு பாக்கெட் சட்டையை அவரே மடிச்சு உள்ள வச்சுட்டார். நான் பார்க்கக் கூடாதுன்னு நினைச்சு வச்சார், நான் பார்த்துட்டேன்.

ஆனா நேத்து துணிக்கூடையில கையை விட்டு அந்த பேங்க் ஆபீசரை எடுத்தார். ரொம்ப நேரம் தட்டினார். அது நிறுத்தி நிதானமா, 'அவள்... எப்போது... வருகிறாள்'ன்னுச்சு. உன் மாமா கூடச் சிரிக்கலை.

எதிர் எதிராப் போட்ட நாற்காலி ரெண்டும் அப்படியே கிடக்கு. பெருக்கறதுக்குக்கூட எடுக்க விட மாட்டேங்கறார். நீ கிளம்பி வா.

மைக் கொண்டு வராதே.

பெரிசு